உப்புக்கண்டமும் பார்மா தொடையும்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவர் கேட்டரிங் படிக்கிறார். சென்ற மாதம் அவர் வகுப்பில் இத்தாலியச் சமையல் பாடம். பன்றித் தொடையை உப்பிட்டு, ஒரு வருடத்துக்கு மேல் காற்றில் தொங்கவிட்டு, காகிதம்போல் மெல்லிசாகச் சீவித் தின்னும் புரோஷுட்டோவைப் பற்றி ஆசிரியர் முக்கால் மணி நேரம் பேசினாராம். ‘ஆர்டிசன்’ என்ற சொல் பலமுறை வந்ததாம். தம்பிக்கோ அந்த நேரம் முழுக்க ஊரில் ஆயா வீட்டு வாசலில் கட்டியிருக்கும் கொடிதான் கண்ணில் ஆடியிருக்கிறது. அதில் காய்வது மாட்டு உப்புக்கண்டம். “எங்க ஆயாவும் இதைத்தான் செய்யுதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு தோழர். சொல்லல” என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் விடை தெரியும். ஆனால் அந்த விடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் செய்முறை. கொழுப்பையும் ஜவ்வையும் நீக்கிய கறியை நீள வார்களாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி ஊறவைத்து, கோணி ஊசியால் கயிற்றில் கோத்து வெயிலில் கட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்து வைத்து, மறுநாள் மறுபடியும் கட்ட வேண்டும். நாலைந்து நாள் சுள்ளென்று வெயில் அடித்தால் கறி கறுத்து விறகுச் சிராய்போல் ஆகிவிடும். காக்கைக்கும் நாய்க்கும் காவல் இருப்பது பிள்ளைகளின் வேலை. பிறகு பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைத்துவிட்டால், கூலி வேலை இல்லாத மழைக்காலத்தில் அந்தப் பானைதான் சோறு இறங்க வழி. தணலில் சுட்டு அம்மியில் தட்டினால் ஒரு துண்டுக்கு ஒரு கும்பா கஞ்சி உள்ளே போகும். கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். மணக்கும் என்று நாங்கள் எழுதுவதை நாறும் என்று எழுதியவர்களும் உண்டு.

இதில் மாயம் ஒன்றுமில்லை. உப்பு கறியிலிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, மிச்சத்தை வெயிலும் காற்றும் வாங்கிக்கொள்கின்றன. நீர் வற்றிய இடத்தில் கறியைக் கெடுக்கும் நுண்ணுயிர் பெருகாது. ஆயாவின் கொடிக்கும் பார்மாவின் கிடங்குக்கும் பொதுவான அறிவியல் இது.

தமிழில் இந்தக் கறிக்குப் பழைய பெயர் வாடூன். வாடிய ஊன் என்று பொருள். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்புக்குப் போகும் பாணருக்கு வாடூன் சேர்த்த சோறு விருந்தாகக் கிடைக்கிறது. அகநானூற்றில் மழவர் ஆவைத் தின்ற செய்தி வருகிறது. தின்றவர்களைத் தீட்டு என்று அந்தப் பாடல்கள் ஒதுக்கவில்லை. அப்படியானால் தீட்டு எப்போது, எதற்காக வந்தது? அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர்’ நூலின் மையக் கேள்விகளில் ஒன்று இது. பசு புனிதமாக்கப்பட்ட பிறகும் மாட்டிறைச்சி தின்றுகொண்டிருந்த சிதறுண்ட மக்கள்தான் தீண்டாமைக்குள் தள்ளப்பட்டார்கள் என்பது அவர் வாதம். வாதத்தின் காலக்கணிப்பைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். கேள்வியின் கூர்மை மட்டும் மழுங்கவே இல்லை.

பாடப்புத்தகங்கள் சொல்லாத ஓர் எளிய கணக்கும் உண்டு. ஊரில் மாடு செத்தால் இழுத்துப்போவது சேரியின் கடமையாகச் சுமத்தப்பட்டது. தோல் உரித்துக் கொடுக்க வேண்டும். கறி அவர்களுக்கு. ஒரு மாட்டின் கறியை ஒரு சின்னத் தெரு ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது. பனிக்கட்டியும் கிடையாது, குளிர்பெட்டியும் கிடையாது. இருந்தவை உப்பும் வெயிலும் பெண்களின் கையும்தான். மராத்வாடாவில் இதே பண்டத்துக்குச் சான்யா என்று பெயர். ஷாஹு பட்டோலே 2015இல் வெளியான தன் மராத்தி நூலில் தலித் அடுப்பங்கரையின் இந்தப் பண்டங்களையெல்லாம் செய்முறையோடு எழுதிவைத்திருக்கிறார்.

செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று 1927இல் மஹாத்தில் அம்பேத்கர் சொன்னதை நம் இளைஞர்கள் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவர் உடைக்கச் சொன்னது அந்தக் கறியோடு கட்டியிருந்த அடிமை ஊழியத்தை. அந்த ஊழியத்தை விட்டுப் பல தலைமுறை ஆகி, கசாப்புக் கடையில் காசு கொடுத்துக் கறி வாங்கிக் காயவைக்கும் குடும்பத்தின் மேலும் பழைய இழிவு ஒட்டிக்கொண்டே வருவதுதான் சாதியின் வேலை.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1805இல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. கறி சும்மா கிடைத்தவர்களும் உப்புக்குக் காசு கொடுத்தாக வேண்டியிருந்தது. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் நமக்குப் பாடத்தில் இருக்கிறது. உப்புக்கண்டத்துக்கு உப்பு வாங்கியவர்களின் கணக்கு எந்தப் பாடத்திலும் இல்லை.

இனி பார்மாவுக்கு வருவோம். வட இத்தாலியில் பார்மா நகருக்குத் தெற்கே, லாங்கிரானோவைச் சுற்றிய குன்றுகளில் இந்தத் தொழில் நடக்கிறது. பன்றித் தொடை, கடல் உப்பு, காற்று, காலம். வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. உப்பிடுபவருக்கு ‘உப்பு ஆசான்’ என்றே பட்டம். கடைசியில் ஒருவர் குதிரை எலும்பால் செய்த ஊசியைத் தொடையில் குத்தி எடுத்து முகர்ந்து, நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். தேறிய தொடையில் ஐந்து முனைக் கிரீடம் ஒன்றைச் சூட்டுக்கோலால் பொறிப்பார்கள். 1963இல் உற்பத்தியாளர்கள் கூட்டமைப்பு கட்டினார்கள். 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. பிரிட்டனின் ஆஸ்டா சூப்பர் மார்க்கெட் பார்மா தொடையைப் பிரிட்டனிலேயே சீவிப் பாக்கெட் போட்டு விற்றபோது கூட்டமைப்பு வழக்காடியது. சீவுவதும் எங்கள் மண்ணில்தான் நடக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனை செல்லும் என்று 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கறித்துண்டைச் சீவும் இடத்துக்காக உச்ச மன்றம்வரை போக முடிந்திருக்கிறது!

பார்மாக்காரர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. எங்களில் ஒருவர் அதைத் தின்றிருக்கிறார். “நாக்குல வெச்சதும் கரையுது, நம்ம கண்டத்தைவிட உப்பு கம்மி” என்றார். நல்ல கைவேலைக்கு மரியாதை கிடைப்பது நல்லதுதான். அந்த மரியாதை யாருக்குக் கிடைக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

ஏனென்றால் உப்பிட்ட இறைச்சிக்கு உலகத்திலும் இரண்டு வரலாறு உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக உப்பு மாட்டிறைச்சி கரீபியத் தீவுகளுக்குப் போனது. மாட்டை வளர்த்த ஐரிஷ் ஏழைகளுக்கு அது எட்டாக்கனி. பிரேசிலின் தெற்கே பெலோட்டாஸில் 1780 வாக்கில் தொடங்கிய ‘சார்க்கே’ பட்டறைகளில் ஆப்பிரிக்க அடிமைகள் கறியை அரிந்து உப்பிட்டுக் காயவைத்தார்கள். அந்தக் கறி பெரும்பாலும் போனதும் தோட்டங்களில் உழைத்த வேறு அடிமைகளின் வயிற்றுக்குத்தான். பிரேசில் அடிமை முறையை ஒழித்தது 1888இல். அந்தப் பட்டறைக் கைகளுக்கு ஆசான் என்று யாரும் பட்டம் கொடுத்ததில்லை.

பிரேசிலிலிருந்து இன்னொரு நூலும் நம் பக்கம் வருகிறது. இத்தாலியின் வால்தெல்லினா பள்ளத்தாக்கில் பிரசாவோலா என்ற உப்பிட்டுக் காயவைத்த மாட்டிறைச்சி செய்கிறார்கள். அதற்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரை உண்டு. ஆனால் செய்முறைதான் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், கறி எங்கிருந்தும் வரலாம். பெருமளவு வருவது பிரேசிலின் திமில் மாடுகளிலிருந்து. பிரேசிலில் முதன்மையான திமில் மாட்டு இனத்தின் பெயர் நெலோரே. ஆம், நம் பக்கத்து நெல்லூர்தான். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர், ஓங்கோல் பகுதி மாடுகள் 19ஆம் நூற்றாண்டு முதல் கப்பலேறிப் போய் அங்கே பெருகின. அந்த மாட்டின் வம்சம் இத்தாலியில் காய்ந்தால் விருந்து. அதன் சொந்த மண்ணில், ஆயாவின் கொடியில் காய்ந்தால் தீட்டு.

கைவினை இறைச்சியை மெச்சுகிறவர்கள் அடுத்த மூச்சில் சூப்பர் மார்க்கெட் ரெடிமேட் சாப்பாட்டை இளக்காரம் செய்வதையும் பார்க்கிறோம். இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் பெண் பெட்டியைப் பிரித்துச் சூடாக்கித் தின்கிறாள் என்றால் அவளுக்கு நேரம் இல்லை என்று அர்த்தம், ருசி தெரியவில்லை என்று அர்த்தமாகாது. அந்தப் பெட்டியை விற்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டிறைச்சி பர்கர்களில் குதிரை இருப்பதை அறிவித்தது. டெஸ்கோவின் மலிவு விலை பர்கர் ஒன்றில், மாட்டிறைச்சி அளவோடு ஒப்பிட்டால் 29 சதவீதம். அடுத்த மாதம் பிண்டஸ் நிறுவனத்தின் லசான்யாவைச் சோதித்தபோது சில பெட்டிகளில் 60 முதல் 100 சதவீதம்வரை குதிரை. ருமேனியக் கறி, இடைத்தரகர்கள், பிரெஞ்சு நிறுவனம், லக்சம்பர்க் ஆலை என்று சுற்றி அது பிரிட்டன் தட்டுக்கு வந்திருந்தது. முதலில் எல்லோரும் கைநீட்டியது ருமேனியாவை நோக்கி, வண்டி இழுக்கும் குதிரைகளை வெட்டி அனுப்பிவிட்டார்கள் என்று. அங்கிருந்து கிளம்பியபோது அது குதிரை என்றே சரியாகக் குறிக்கப்பட்டிருந்தது, பெயர் மாறியது வழியில் என்று பின்னால் தெரிந்தது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் தரகர் ஒருவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. குதிரைக் கறி நஞ்சல்ல, பல நாடுகளில் தின்கிறார்கள். பெட்டி வாங்கிய ஏழையிடம் பொய் சொன்னதுதான் குற்றம். ஆய்வகம் அங்கே தின்றவர் பக்கம் நின்றது.

இரண்டே ஆண்டு கழித்து, 2015 செப்டம்பரில், உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் பசு மாமிசம் வைத்திருக்கிறார் என்ற வதந்தியில் ஒருவரை வீடு புகுந்து அடித்தே கொன்றார்கள். அங்கேயும் இறைச்சி ஆய்வகத்துக்குப் போனது. செத்தவரின் பக்கம் நிற்பதற்காகப் போகவில்லை.

தமிழ்நாடு அப்படியில்லை என்று சொல்லிக்கொள்ள நமக்குப் பிடிக்கும். மட்டன் உப்புக்கண்டம் இங்கே செட்டிநாட்டு உணவகங்களின் பட்டியலில் பெருமையோடு இருக்கிறது. அதே உப்பு, அதே வெயில், அதே கயிறு. விலங்கு மாறினால் விலாசமும் மாறுகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். மாட்டுக்கறி பிரியாணி தெருவுக்குத் தெரு விற்கும் ஆம்பூரில்! இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது.

நமக்கும் ஒரு கிரீட முத்திரை வாங்கலாமே என்று வட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். பாதி கிண்டல், பாதி ஆசை. எங்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. முத்திரை வந்தால் விலை ஏறும், விலை ஏறினால் அதைப் பாக்கெட் போட்டு விற்பவர் ஆயாவாக இருக்க மாட்டார் என்கிறார்கள் சிலர். வாடகை வீட்டில் மொட்டை மாடியில் பயமில்லாமல் கொடி கட்ட முடிந்தால் அதுவே போதும் என்கிறார்கள் வேறு சிலர். எங்களில் மூன்று பேர் இந்தக் கறியின் வாசனைக்காக வீடு காலி செய்தவர்கள். அவர்கள் இரண்டாவது பக்கம்.

அதுவரைக்கும் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். எந்தப் பகுதிக் கறி, படிக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில், எந்த மாதம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கிறோம். உங்கள் வீட்டிலும் கேளுங்கள். கேட்டரிங் தம்பியின் ஆயாவிடம்தான் முதலில் போனோம். “இதையெல்லாமா நோட்டுல எழுதுவாங்க?” என்று சிரித்துவிட்டு, கறியை விரலால் அழுத்திப் பார்த்து இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்றார். எந்த ஊசியும் குத்தவில்லை. மதியம் வானம் கறுத்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு நாங்களும் சேர்ந்து கயிற்றை அவிழ்த்து உள்ளே கட்டினோம்.