தீட்டுகல்

சவரக்கத்தி தீட்டப் பழகிவருகிறேன். பெரிய காஞ்சிபுரத்து முதியவர் ஒருவர் ஆசான். கல்லில் கத்தியின் வாய் முன்செல்ல வேண்டும், தோல்வாரில் முதுகு. நான் மாற்றி இழுத்து வாரைக் கீறிவிட்டேன். “முதுகைத் தூக்காதீங்க, சார்” என்றார்; வேறொன்றும் சொல்லவில்லை.

வினயபிடகத்தின் சுல்லவக்கத்தில் ஓரிடம். பிக்குகளுக்கு முடி வளர்ந்துவிடுகிறது. ஒருவர் தலையை மற்றவர் மழிக்க இயலுமா என வினவும் புத்தர், கத்தியோடு தீட்டுகல்லையும் அனுமதிக்கிறார். 7ஆம் நூற்றாண்டுக் காஞ்சியில் நூறு மடங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாக யுவான் சுவாங் எழுதுகிறார். எண்ணைப் பாதியாக்கிக்கொண்டாலும், அவர்களுள் பலர் என்னைப் போலத் தடுமாறியே கற்றிருக்க வேண்டும். (சமண முனிவருக்கு இத்தொல்லை இல்லை, மயிரைக் கையால் பறித்துக்கொண்டனர்.)

கைதேர்ந்தவருக்கோ தடை. நாவிதராயிருந்து துறவு பூண்ட ஒருவர், புத்தருக்குக் கஞ்சி படைக்க விரும்பித் தம் மைந்தரைச் சவரக் கருவிகளோடு வீடுதோறும் அனுப்பிப் பொருள் திரட்டினார். அதனால், முன்னாள் நாவிதர் அக்கருவிகளை வைத்திருத்தலாகாது என மகாவக்கம் விதிக்கிறது. அவர் தமக்கெனச் சேர்க்கவில்லை என்பது என்னை உறுத்துகிறது. தொழில் அறிந்த கையே வெறுங்கையாயிற்று.

ஆசானின் மகன் புழங்குவது மாற்று பிளேடு. கல் அவருக்கு வேண்டாம். எனக்குக் கிடைத்தது. நடுவில் குழிந்திருக்கிறது. முதலில் அதைச் சமமாகத் தேய்க்க வேண்டுமாம்.