நூல் யார் கையில்?

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு அவர்கள் எழுதியதில் மட்டும் இல்லை. எழுதியதைக் காத்து வைக்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்பதிலும் இருக்கிறது. ஊவாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் கதை இதற்குத் தக்க சான்று.

எத்தனை பேர் வேலைக்கு வந்தனர், எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தனர் என்பதைத் தோட்டத்து ஏடுகள் தவறாமல் குறித்தன. தொழிலாளர் தம் வாழ்வைத் தாமே சொன்ன எழுத்துக்கோ அத்தகைய காவல் இல்லை. பதுளைக்குப் புகைவண்டி வந்து சேர்ந்த 1924ஆம் ஆண்டிலேதான் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிலே பாடிய பாடல்கள் சிறு பிரசுரங்களாக வெளிவந்தன. பத்தடி லய அறையில், கூரை ஒழுகும் மழைக்காலத்தில், இத்தாள்கள் எத்தனை ஆண்டு தாங்கும்?

பின்னர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. ஒரு தகரப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பம் பழைய பத்திரிகைக் கட்டையா சுமந்து செல்லும்? 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணுள் மூடியது. மனிதருக்கே காப்பில்லாத இடத்தில் ஏட்டுக்குக் காப்பு ஏது?

தனி வீடு மட்டுமா, பெரும் நூலகமே அழிந்ததையும் நாம் அறிவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதி, ஒரே இடம் என்பதன் ஆபத்து இதுவே.

இவ்வாபத்துக்கு மாற்றாகவே மின்னூல் வந்தது. 1971இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 'குட்டன்பர்க் திட்ட'த்தைத் தொடங்கினார். 1998இல் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கலியாணசுந்தரத்தின் முயற்சியால் 'மதுரைத் திட்டம்' எழுந்தது. 2005இல் ஈழத்து எழுத்துக்கென 'நூலகம்' திட்டம் பிறந்தது. பக்கம் பக்கமாக ஒளிவருடி, பட்டியலிட்டு, எவரும் விலையின்றிப் படிக்க வைப்பது அதன் பணி. தன்னார்வலர் உழைப்பும் நன்கொடையுமே அதன் முதல். டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' இதழ்களை இன்று பசறையிலிருந்தும் ஒரு மாணவன் படிக்கலாம்.

வணிக நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. அமேசான் 2007இல் 'கிண்டில்' கருவியை வெளியிட்டது. 2016 டிசம்பரில் தமிழ் நூல்களையும் விற்கத் தொடங்கியது. பதிப்பாளர் தயவின்றி எழுத்தாளன் தன் நூலை உலகெங்கும் விற்க வழி பிறந்தது. இந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அங்கே வாசகன் பெறுவது நூலை அன்று, படிக்கும் உரிமத்தையே. 2009 ஜூலையில், விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லையென்று கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அந்நிறுவனம் நீக்கியது. பணம் திரும்பி வந்தது, நூல் போயிற்று. அச்சு நூலை விற்ற கடைக்காரன் நம் வீட்டு அலமாரியைத் திறந்து அதை எடுத்துச் செல்ல முடியுமா?

ஆகவே மின்னூல் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று கேள்வி. அதைத் தாங்கும் மேடை யாருடையது என்பதே கேள்வி. இலாபம் குன்றினால் கடை மூடப்படும். இலாபம் தராத தோட்டத்துப் பாட்டுப் பிரசுரத்தைத் தேடி எந்தக் கடையும் வராது. விற்பனைக்கு நிறுவனத்தை நாடுவோம். காப்புக்கு மக்களின் நூலகத்தையே நாடுவோம்.

இப்பணியில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெரும் பங்குண்டு. பாடசாலை ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரம், நாடகக் கையெழுத்துப் படி — இவை பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் எவர் வீட்டுப் பரணிலேனும் கிடக்கக்கூடும். உரியவரிடம் இசைவு பெற்று, ஒளிவருடி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலே சேர்ப்போம். அடுத்த மழைக்காலம் நமக்காகக் காத்திராது.