பானையும் பள்ளியும்

விருத்தாசலத்துக் களிமண்ணுக்கு இன்று மதிப்பு உண்டு. பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. புகைபோக்கி உயர்ந்த சூளைகள் உண்டு. மண்ணின் குணம் யாது, எத்துணை வெப்பத்தில் அது கல்லாக இறுகும், மேற்பூச்சு எவ்விதம் பற்றும் என்று முறையாகக் கற்பிக்கும் பயிலகமும் உண்டு. நல்லூரிலிருந்து செல்லும் இளைஞன் அங்கே சேர விரும்பினால், அவனிடம் மதிப்பெண் கேட்கிறார்கள், சான்றிதழ் கேட்கிறார்கள், "உன் தகப்பன் குயவனா?" என்று கேட்பார் இல்லை. உழவன் மகன் சேரலாம், சேரியிலே பிறந்தவன் சேரலாம், பெண்பிள்ளையும் சேரலாம்.

இதில் என்ன வியப்பு என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். வியப்பு இருக்கிறது! மண்ணைப் பிசைவது கல்வியாகக் கருதப்படாமல் குலமாகக் கருதப்பட்ட காலம் இங்கே இருந்தது. குயவன் பிள்ளைக்குச் சக்கரம், வண்ணான் பிள்ளைக்குத் துறை, பண்ணையாள் பிள்ளைக்கு மாட்டின் வால் — பிறக்கும்போதே பாடத்திட்டம் வகுத்தாகிவிட்டது. ஏடும் எழுத்தாணியும் யார் கைக்கு என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது. அந்த முடிவை மாற்றியது வெள்ளைக்காரன் தந்த கல்வி என்று ஒரு சாரார் கூறுவர். இல்லை, வெள்ளைக்காரன் வந்துதான் நம் கல்வியைக் கெடுத்தான் என்று மற்றொரு சாரார் மார்தட்டுவர். இரு சாராரின் பேச்சையும் ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடன்.

1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு கலெக்டரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். தென்னார்க்காட்டுக் கலெக்டரும் கணக்கு அனுப்பினார். விருத்தாசலம் வட்டமும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1826இல் மன்றோ தொகுத்துரைத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள் தொகை 1,28,50,941. அறுபத்தெட்டுப் பேருக்கு ஒரு மாணவன்! வீட்டிலே படிப்போரையும் சேர்த்தால் தொகை உயரும் என்று மன்றோவே எழுதினார். எனினும் அந்த அட்டவணையில் நம் கண்ணைக் கவர வேண்டியது கூட்டுத்தொகையன்று, கட்டங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார், முஸ்லிம்கள் என்று கட்டம் கட்டியே கேட்டார்கள். தமிழ் மாவட்டங்களில் பிராமணரைவிடச் சூத்திரர் எனப்பட்டோர் எண்ணிக்கையே மிகுதி. இது உண்மை, இதை மறைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. 1983இல் இந்தக் கணக்கை நூலாக்கித் தந்த தரம்பாலும் இதைத்தான் பெருமையோடு எடுத்துக்காட்டினார். ஆனால் பெண்கள்? விரல்விட்டு எண்ணத்தக்க அளவு. வயலிலே உழைத்த பறையர், பள்ளர், சக்கிலியர் குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுக்கென ஒரு கட்டம் கூட அந்தத் தாளில் இல்லை. கட்டமே இல்லாதவனை எண்ணுவது எங்ஙனம்?

திண்ணைப் பள்ளியின் கற்பிக்கும் முறையை நாம் இழிவாகப் பேசவில்லை. மணலிலே விரலால் எழுதி, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தர, எண்சுவடியும் நெடுங்கணக்கும் ஓதிய முறை அது. எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் அதைக் கண்டு, 1797இல் இலண்டனில் நூல் வெளியிட, "சென்னை முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவிற்று. நம் திண்ணை மணல் கடல் தாண்டிச் சென்றது. அதே ஊரின் சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் இடையே இருந்த தெருவைத் தாண்டத்தான் அதற்கு வலிமை இல்லை!

வெள்ளையர் ஆட்சி அந்தத் தெருவைத் தாண்டியதா? 1856இல் பம்பாய் மாகாணத்துத் தார்வாரில், மகர் வகுப்புச் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் தனக்கு இடம் மறுக்கப்பட்டதாக மனுக் கொடுத்தான். அரசு நன்கு சிந்தித்தது. ஒருவனுக்காக மற்றவர்களை வற்புறுத்தினால் பள்ளியே பயனற்றுப் போய்விடும் என்று கையை விரித்தது. மேலிடத்தில் அது கண்டிக்கப்பட்டது. அரசுப் பள்ளிக்குச் சாதி பார்க்கலாகாது என்ற கொள்கை ஏட்டில் ஏறிற்று. ஏட்டில் ஏறியது ஏட்டிலேயே தங்கிற்று. கொள்கை துரைமார் கையில். பள்ளித் திண்ணை ஊரார் கையில்.

ஏன் தங்கிற்று என்பதற்கு விடை 1891இல் வெளிவந்தது. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கை அது. பண்ணையாளுக்கு உழுநிலம் இல்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. அவன் குடிசை நிற்கும் மனையே மிராசுதாருடையது என்பதைச் சுட்டினார். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தகப்பனிடம், "மாடு மேய்க்க ஆள் இல்லை, மனையைக் காலி செய்" என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை இருக்கும்போது, இலவசக் கல்வி என்னும் சொல்லுக்கு என்ன பொருள்? அங்கே படிப்பின் விலை சம்பளம் அன்று, குடிசை.

அந்த அறிக்கையை அடுத்து 1892இல் நிலம் வழங்கும் ஆணையும், 1893இல் பஞ்சமர் கல்விக்கு உதவித்தொகை தரும் ஆணையும் பிறந்தன. நிலமும் கல்வியும் பிரிக்க இயலாதவை என்பதை ஆட்சி ஒரு கணம் உணர்ந்தது போலும். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பாட்டும் விளையாட்டும் கைவேலையுமாகக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் கிண்டர்கார்ட்டன் முறையைச் சென்னையின் சேரிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த பள்ளிகள் அவை. பிரம்பும் மனப்பாடமும் ஆண்ட நாளில் அது புதுமை. பிரம்ம ஞானசபையின் மற்றக் கொள்கைகள் பற்றி நமக்கு நல்லெண்ணம் இல்லை. இந்தப் பள்ளிகளைப் பற்றி உண்டு.

எனினும் அது சென்னை. நம் தென்னார்க்காட்டுக்கு வருவோம்.

சிதம்பரம் — நந்தன் வேகச் சென்ற ஊர். ஆதனூர்ப் பறையன் ஒருவன் தில்லை காண விரும்பினான். தீயிலே மூழ்கி, பூணூலோடு எழுந்த பிறகே உள்ளே நுழைந்தான் என்று பெரிய புராணம் சொல்கிறது. அதில் பண்ணையார் இல்லை. 1861இல் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் சரித்திரக் கீர்த்தனைதான் ஒரு வேதியரைப் பண்ணையாராகக் கொண்டுவந்து நிறுத்திற்று. நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் அவர். பக்தர்கள் இதில் கடவுளின் அற்புதத்தைக் காண்பர். நாமோ, அக்காலத்துப் பண்ணையாள் ஒரு நாள் விடுப்புப் பெறுவது எத்தனை அரிது என்பதற்கான சாட்சியத்தைக் காண்கிறோம். தில்லைக்குப் போக விடுப்புக் கேட்டவன் நந்தன். அவன் பேரன் பள்ளிக்குப் போக விடுப்புக் கேட்டிருந்தால், எத்தனை வேலி சொல்லியிருப்பார்கள்?

அந்தச் சிதம்பரத்துக்கு 1910இல் ஓர் இளந்துறவி வந்தார். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த முனுசாமி அவர். மிஷன் பள்ளியிலே படித்தவர்; மதம் மாற மறுத்து வெளியேறியவர்; கோலார் தங்கவயலின் உழைப்பாளர் வாழ்வைக் கண்டவர்; சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் பாடம் கேட்டுச் சகஜானந்தர் என்று பெயர் பெற்றவர். காவி உடுத்தவர்; சிவனைப் பாடியவர். கடவுள் குறித்தும் காங்கிரஸ் குறித்தும் அவருக்கும் நமக்கும் இடையே பெரிய பிளவு உண்டு. அதை மூடிமறைத்து அவரை நம்மவராக்கிக்கொள்ளும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும் 1916இல் அவர் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தைக் கண்டும் காணாததுபோல் செல்வோமானால், பகுத்தறிவு என்ற சொல்லை உச்சரிக்கும் தகுதி நமக்கு ஏது?

1916 — அதே ஆண்டின் இறுதியில் சென்னையில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அரசாங்க வேலைகளில் பங்கு எங்கே என்று அது கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி. சிதம்பரத்தில் இந்தத் துறவி கேட்டதோ அதற்கும் கீழ்ப்படியில் நிற்கும் கேள்வி: எழுத்து எங்கே? சோறு எங்கே?

சோறு என்று நாம் வேண்டுமென்றே எழுதுகிறோம். அவர் பள்ளியோடு விடுதியையும் நடத்தினார். அதன் நுட்பம் மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு விளங்காது. காலையில் பள்ளிக்குப் போய் மாலையில் சேரிக்குத் திரும்பும் சிறுவன், திரும்பும் வழியிலேயே பண்ணைக்கு உரியவனாகிறான். மாடு அவனுக்காகக் காத்திருக்கிறது. தகப்பன் வாங்கிய கடன் காத்திருக்கிறது. அறுவடை வந்தால் பள்ளி மறைகிறது. விடுதிப் பிள்ளையோ பண்ணையாரின் கை நீளத்துக்கு அப்பால் இருக்கிறான். அவனுக்கு வேண்டிய கஞ்சியை யாரிடமும் குனிந்து பெற வேண்டியதில்லை. விளக்கெரியும் மாலை நேரம் அவனுக்குச் சொந்தமாகிறது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை பிறந்த நாள் தொட்டு நுகரும் அந்த மாலை நேரத்தை, சேரிப் பிள்ளைக்கு முதன்முதலாகத் தந்தது விடுதிதான். பெண்பிள்ளைகளுக்கும் அங்கே இடமளிக்கப்பட்டது. நந்தனுக்குத் தீ காட்டிய ஊரில், நந்தன் பெயராலேயே அரிச்சுவடி காட்டினார் என்று சொன்னால் அது மிகையாகாது.

அதே சிதம்பரத்தில் 1920இல் மீனாட்சி கல்லூரி எழுந்தது; 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தமிழிசையும் தமிழாய்வும் அங்கே தழைத்தன. அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லூரி வாயிலை எட்டிப் பிடிக்கச் சேரிப் பிள்ளைக்கு ஏணி வேண்டும். அந்த ஏணியின் முதற்படி ஊரின் மறுபக்கத்தில், உண்டியல் ஏந்தியவர் கையால் இடப்பட்டது.

ஆட்சியும் அந்நாளில் சும்மா இருக்கவில்லை. 1920ஐ ஒட்டித் தொழிலாளர் இலாகா அமைந்தது. மனை வாங்கித் தருவது, கிணறு வெட்டுவது, கூட்டுறவுச் சங்கம் வைப்பது, பள்ளி நடத்துவது ஆகிய நான்கும் ஒரே இலாகாவின் பணியாயின. டிரெமென்ஹீர் எழுதி முப்பது ஆண்டுகள் கழித்து, மனையும் பள்ளியும் ஒரே கோப்பில் சேர்ந்தன! சேரிகளில் எழுந்த அந்தப் பள்ளிகளை மக்கள் "லேபர் பள்ளி" என்றே அழைத்தனர். 1922இல் நீதிக்கட்சி ஆட்சி, இழிபெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே, பொதுச் சாலையும் பொதுக்கிணறும் எவர்க்கும் உரியவை என்ற ஆணை பிறந்தது. சாலை திறக்காமல் பள்ளி திறந்து என்ன பயன்?

சென்னையில் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிற்று. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25இல் 1,671 ஆயிற்று. ஓரணாவின் ஆற்றலைப் பாருங்கள்! வந்தது வெள்ளை அரசாங்கத்தின் தடை: தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாதாம். 1925 ஏப்ரல் 1ஆம் நாள் திட்டம் நின்றது. பசித்த பிள்ளைக்கு எழுத்து தங்காது என்பது கணக்குத் தணிக்கையாளரின் விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. பின்னர் 1927இல் ஓரளவே அது உயிர்பெற்றது.

குயவன் சக்கரத்தைப் பற்றித் தொடங்கினோம். வெள்ளையர் போன பின்னும் அச்சக்கரம் ஒருமுறை பிள்ளைகள் மேல் உருண்டது. 1953இல் இராசகோபாலாச்சாரியார் அரசு, பள்ளி அரை நாள், அப்பன் தொழில் அரை நாள் என்று திட்டமிட்டது. கைத்தொழில் வழிக் கல்வி என்று அதற்கு அழகிய பெயர் சூட்டினர். கைத்தொழிலை நாமா வெறுப்பவர்கள்? விருத்தாசலத்தில் பீங்கான் கற்பிப்பதும் கைத்தொழில்தானே! எந்தக் கை என்பதைப் பிறப்பு முடிவு செய்வதைத்தான் எதிர்த்தோம். 1954இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

சகஜானந்தர் 1959 மே 1ஆம் நாள் மறைந்தார். நந்தனார் பெயர் தாங்கிய ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் அரசுப் பள்ளிகளாய்ச் சிதம்பரத்தில் நிற்கின்றன.

மற்றொரு பானையின் கதையும் உண்டு. அதுவும் இம்மாவட்டத்து மண்ணே. 1924இல் பிறந்த காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் சிறுவனாகப் பள்ளிக்குச் சென்றார். இடம் கிடைத்துவிட்டது, சட்டம் வென்றுவிட்டது. ஆனால் பள்ளியில் தாகத்துக்கு இரண்டு பானைகள். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் குடிக்கத் தனிப்பானை. அதன்மேல் சாதிப் பெயர். சிறுவன் அப்பானையை உடைத்தான். புதுப்பானை வைத்தார்கள், அதையும் உடைத்தான். அந்தச் சிறுவன் வளர்ந்து 1952இல் நாடாளுமன்றம் சென்றார். 1965இல் தீண்டாமை குறித்து இந்தியா முழுதும் ஆராய நடுவண் அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். ஊர் ஊராகச் சென்று, கிணறு எங்கே, பள்ளி எங்கே, பானை எத்தனை என்று கேட்டு எழுதிய அக்குழுவின் அறிக்கை 1969இல் வெளிவந்தது.