அடித்தலும் திருத்தலும்: சீன வனப்பெழுத்தில் வரைவுப்படி பெற்ற உயர்வு

முன்னுரை

ஷிங்ஷு எனப்படும் ஓட்டநடை எழுத்தின் தலைசிறந்த மூன்று படைப்புகளாகச் சீன மரபு போற்றுபவை: வாங் ஷிஜியின் லாந்திங் முன்னுரை, யான் ஜென்ச்சிங் அண்ணன் மகனுக்கு எழுதிய இரங்கலுரை, சு ஷியின் குளிருணவு நாள் கவிதைகள். மூன்றுமே வரைவுப்படிகள், மூன்றிலும் அடித்தல் திருத்தல் உண்டு. செம்படிகள் ஏராளமாக இருந்தும் வரைவுகள் முதலிடம் பெற்றது ஏன்? பின்பற்றத்தக்க வடிவமாக மதிக்கப்பட்ட எழுத்து, எழுதியவரின் இயல்பைக் காட்டும் சான்றாகவும் மதிக்கப்படலானதே காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அரசவை போற்றிய மாதிரி

353-ஆம் ஆண்டு மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், இன்றைய ஷாவ்ஷிங் அருகேயுள்ள லாந்திங்கில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கூடினர். ஓடைநீரில் மதுக்கிண்ணங்களை மிதக்கவிட்டுக் கவிதை புனைந்தனர். அக்கவிதைகளுக்கு வாங் எழுதிய முன்னுரை 28 வரிகளும் 324 எழுத்துகளும் கொண்டது. ‘ஜி’ என்னும் ஓரெழுத்து அதில் ஏறத்தாழ இருபது இடங்களில் வெவ்வேறு வடிவில் வருகிறது.

தாங் பேரரசர் தைசோங் (ஆட்சி 626–649) வாங்கின் எழுத்துகளைத் தேடித் திரட்டினார். ஜின் வரலாற்று நூலில் வாங் பற்றிய மதிப்புரையைத் தாமே எழுதினார். லாந்திங் முன்னுரையின் மூலம் அவருடனேயே புதைக்கப்பட்டது என்பது மரபுச் செய்தி. எஞ்சியவை படிகளே. அரசவைப் படியெடுப்போர் எழுத்தின் விளிம்பை நுண்கோட்டால் வரைந்து, உள்ளே மை நிரப்பினர். ஃபெங் செங்சு எடுத்ததாகக் கருதப்பட்டுப் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள படியில் திருத்தங்களும் அப்படியே இடம்பெற்றுள்ளன. அக்காலத்தில் அதிகாரிகளை நியமிக்கத் தோற்றம், பேச்சு, எழுத்து, தீர்ப்புத் திறன் ஆகிய நான்கும் பார்க்கப்பட்டன. நல்ல கையெழுத்து பதவிக்கு உரிய தகுதியாக இருந்தது.

துயரம் எழுதிய தாள்

755-இல் அன் லூஷான் கிளர்ச்சி மூண்டது. அதை எதிர்த்து யான் குடும்பத்தினர் காத்த சாங்ஷான் நகரம் மறு ஆண்டு வீழ்ந்தது. ஜென்ச்சிங்கின் ஒன்றுவிட்ட அண்ணனும் அவர் மகன் ஜிமிங்கும் கொல்லப்பட்டனர். 758-இல் ஜிமிங்குக்காக ஜென்ச்சிங் இரங்கலுரை வரைந்தார். தொடக்கத்தில் அடங்கி நடக்கும் தூரிகை போகப்போக விரைகிறது. மை வறண்ட கோடுகளும் அடித்தல்களும் பெருகுகின்றன. கல்வெட்டுகளில் கம்பீரமான நேர்நடை எழுத்துக்குப் பெயர்பெற்றவர் பிறர் பார்வைக்கென்று எழுதாத தாள் இது.

சோங் காலத் திருப்பம்

சோங் அரசு தேர்வுகளில் மாணவர் பெயரை மறைத்ததோடு, விடைத்தாள்களை எழுத்தர்களைக் கொண்டு மறுபடி எழுதச்செய்தும் திருத்தியது. எழுதியவர் யார் என்பதைக் கையெழுத்து காட்டிவிடக் கூடாது என்பதே நோக்கம். தேர்வுக்கூடம் மறைத்த அதே தனித்தன்மையை அறிஞர் வட்டம் தேடியது. கல்வெட்டுப் படிகளைத் திரட்டிய ஒயாங் ஷியூ (1007–1072), யானின் எழுத்தில் அவருடைய வளையாத நேர்மையைக் கண்டார்.

கவிதைகளில் அரசைப் பழித்ததாக 1079-இல் கைதான சு ஷி, ஹுவாங்ஜோவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1082-இல் இயற்றிய குளிருணவு நாள் கவிதைகள் இரண்டையும் 17 வரிகளில் எழுதினார். எழுத்துகள் சிறுத்தும் பெருத்தும் செல்கின்றன. நீக்க வேண்டிய எழுத்தின் அருகே புள்ளிகள் உள்ளன. அதற்குப் பின்குறிப்பு எழுதிய ஹுவாங் திங்ஜியான், சு ஷியின் தூரிகையில் யானின் சாயலைக் கண்டார். யானின் இரங்கலுரை, சு ஷியின் கவிதைகள் ஆகிய இரண்டின் மூலங்களும் இன்று தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன.

வரிசையும் ஐயமும்

யுவான் காலத்து ஷியன்யூ ஷூ இரங்கலுரையை ஓட்டநடை எழுத்தில் இரண்டாவதாக வைத்தார். முதலிடம் லாந்திங்குக்கே நிலைத்தது. ஆனால் 1965-இல் குவோ மோரோ, நான்ஜிங் அருகே கிடைத்த, வாங் காலத்துக் கல்லறைக் கல்வெட்டுகளின் எழுத்துநடை வேறுபடுவதைச் சுட்டி, முன்னுரை வாங்குடையது அன்று என வாதிட்டார். கல்லில் செதுக்கும் எழுத்தும் தாளில் ஓடும் எழுத்தும் ஒன்றல்ல என மறுப்பு எழுந்தது.

முடிவுரை

வாங் மறுபடி எழுதியும் முதற்படிக்கு ஈடாகவில்லை என்னும் கதை தாங் காலத்திலேயே வழங்கியது; வரைவின் மீதான நாட்டத்துக்கு அங்கேயே வித்து உண்டு. ஆயினும் அதை எழுதியவரின் வாழ்வோடும் பண்போடும் பிணைத்த அளவுகோல் சோங் அறிஞர்களிடமே முழுமை பெற்றது. காலத்தால் முந்திய லாந்திங்கைப் பிந்தியவர்களின் கண்கொண்டே மரபு வாசித்துவருகிறது. மூலம் மறைந்த பிறகும் அதன் திருத்தங்களில் வாங்கின் கையைத் தேடுவது அந்த வாசிப்பின் விளைவே.