டான்சில் கத்தி கடந்துவந்த கடல்கள்

சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை ஜாலான் ராசாவில் இருக்கிறது. ராசாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பால்மரம் சீவிய குடும்பங்களின் பேரன் பேத்திகள், அரசாங்கக் கிளினிக் கொடுத்த கடிதத்தோடு அங்குள்ள காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருகிறார்கள். மாதாமாதம் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, வாயைத் திறந்தால் இரு பக்கமும் சிவந்து உருண்டு நிற்கும் சதை. பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், டான்சில எடுத்துடலாமா, இல்ல விட்டுடலாமா?"

இந்தக் கேள்விக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். அது கங்கைச் சமவெளியையும் பாக்தாதையும் ஸ்பெயினையும் சுற்றி, அமெரிக்கா போய், ஆங்கிலேயர் வழியாக நம் ஊருக்கு வந்தது. போகிற இடமெல்லாம் ஒவ்வொரு காலத்தார் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். 

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் "உள்நாக்கு வளர்ந்திருச்சு" என்று சொல்லும்போது பெரும்பாலும் டான்சிலைத்தான் சொல்கிறோம். உள்நாக்கு நடுவில் தொங்குவது. டான்சில் அதற்கு இரு பக்கமும் காவல் இருப்பது. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வரும் கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் திசு அது. சின்ன வயதில் பெரிதாக இருந்து, பிள்ளை வளர வளரத் தானாகவே சுருங்கும். பெரிதாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதை எடுக்க வேண்டியதில்லை. பழைய மருத்துவர்கள் சிலருக்கே இது புரிந்திருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

சுசுருதரின் நூலில் உள்நாக்கு வீக்கத்துக்கு அறுவை சொல்லியிருக்கிறது. பிடித்து இழுத்து, வட்ட முனைக் கத்தியால் அறுக்க வேண்டும். எவ்வளவு? மூன்றில் ஒரு பங்கு. அதிகமாக அறுத்தால் இரத்தம் பெருகி ஆள் இறந்துவிடுவான்; குறைவாக அறுத்தால் வீக்கமும் எச்சில் ஒழுகலும் நிற்காது. டான்சில் வீக்கத்தோடு ஒத்துப்போகும் துண்டிகேரி என்ற நோய்க்கும் இதே வழியை நூல் காட்டுகிறது. மயக்க மருந்தும் மின்விளக்கும் இல்லாத காலத்தில் ஒரு மருத்துவர் அளவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்.

ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் இன்னும் முரட்டுத்தனமான வழியை எழுதிவைத்தார். விரலை விட்டுச் சுற்றிலும் நெம்பி எடு. வராவிட்டால் கொக்கியால் இழுத்துக் கத்தியால் அறு. பிறகு புளிக்காடியால் கழுவு. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினாவின் பவுல், நோயாளியை வெயிலைப் பார்க்க உட்காரவைத்து, உதவியாளர் நாக்கை அழுத்திப் பிடிக்க, கொக்கியும் கத்தியும் கொண்டு அறுக்கச் சொன்னார். விளக்குக்குப் பதில் சூரியன்.

இந்த இரண்டு ஓடைகளும் அரபு மொழியில் வந்து சேர்ந்தன. பாக்தாதில் அப்பாசியர் ஆட்சியில், பர்மக் குடும்பத்து அமைச்சர்கள் இந்திய வைத்தியர்களை அழைத்துச் சுசுருதரின் நூலை அரபுக்குக் கொண்டுவந்தார்கள். பவுலின் கிரேக்க நூலும் அரபுக்கு வந்தது. பவுலின் நூல் மேற்கே பயணமாகி, 1000-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்பெயினின் கொர்தோபாவில் அல்-சஹ்ராவி என்ற அறுவை மருத்துவரிடம் சேர்ந்தது. கருவிகளின் படங்களையே வரைந்து நூலில் சேர்த்தவர் அவர். டான்சிலைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால் இன்றைய நிபுணர் பேசுவதுபோல் இருக்கும். கடினமாக, நிறம் மங்கி, உணர்ச்சி குறைந்திருந்தால் தொடாதே. சிவந்து, அடி பருத்திருந்தால் அதையும் தொடாதே, இரத்தம் நிற்காது. வெளுத்து, உருண்டு, அடி மெலிந்திருந்தால் மட்டும் அறு. அறுப்பதற்கு முன் நிதானி என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விதி இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு அந்த நூலை இலத்தீனாக்கினார். ஐரோப்பா அதைப் பல நூற்றாண்டுகள் படித்தது.

அதன்பின் ஒரு நீண்ட தாவல். 1828-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிலிப் சிங் பிசிக் என்ற மருத்துவர், உள்நாக்கை வெட்ட இருந்த ஒரு கருவியை மாற்றியமைத்து டான்சிலுக்குப் பொருத்தினார். வளையத்துக்குள் டான்சிலைச் செருகி, கத்தியைத் தள்ளினால் தீர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய கில்லட்டினின் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. 1832-இல் ஃபானெஸ்டாக் என்பவர் தன் பங்குக்கு ஒன்று செய்தார். லண்டனில் மொரெல் மெக்கன்சி இன்னொன்றைச் செய்து பரப்பினார். ஆளுக்கொரு திருகாணி, ஆளுக்கொரு கைப்பிடி. கை தேர்ந்த மருத்துவர் சில விநாடிகளில் வேலையை முடித்துவிடலாம். வேலை எளிதானதும், செய்யலாமா என்று யோசிக்கும் நேரமும் சுருங்கிப்போனது. இந்தப் பயணத்தில் நான் அதிகம் வருந்தும் திருப்பம் இதுதான்.

யோசனையை முற்றிலும் நிறுத்தியது ஒரு கருத்து. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் கனடாவுக்குப் போய், வாயில் ஒளிந்திருக்கும் சீழ்தான் பல நோய்களுக்கு வேர் என்று பேசினார். சிகாகோவின் பிராங்க் பில்லிங்ஸ் அதை முழுக் கோட்பாடாக வளர்த்தார். மூட்டுவலியா, சிறுநீரகக் கோளாறா, சோர்வா? பல்லையும் டான்சிலையும் பிடுங்கு. நியூஜெர்சி மாநில மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன், மனநோயாளிகளின் பற்களையும் டான்சில்களையும் வரிசையாக எடுத்தார். பள்ளிப்பிள்ளைகளுக்கு ஊரோடு முகாம் போட்டு அறுத்த நகரங்களும் உண்டு. அந்த இருபது முப்பது ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு இவ்வளவு அதிகமாகச் செய்யப்பட்ட அறுவை வேறில்லை.

1934-இல் வெளிவந்த ஒரு நியூயார்க் ஆய்வை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பதினொரு வயதுப் பள்ளிப்பிள்ளைகள் 1,000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. மிச்சம் 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டியதில், அவர்களிலும் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்று வந்தது. எஞ்சிய 116 பேரை மூன்றாவது முறை காட்டினால் இன்னும் 51 பேர். ஆயிரம் பிள்ளைகளில் 65 பேரே தப்பினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய பாதிப் பேர். பிள்ளைகளின் தொண்டை மாறவில்லை. பார்த்த கண் மாறியது.

நான்கு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஜேம்ஸ் அலிசன் குளோவர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். ஹார்ன்சி என்ற ஊரில் 1928-இல் 186 பள்ளிப்பிள்ளைகளுக்கு அறுவை நடந்திருந்தது. மறு ஆண்டு 12 பேருக்குத்தான். நடுவில் மாறியது பள்ளி மருத்துவ அதிகாரி ஒருவர்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதிகம் அறுபட்டார்கள் என்பதையும் அவர் காட்டினார். காசு இருந்தால் நோய் கூடிவிடுமா என்ன?

அதே காலத்தில் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் நிலை நேர்மாறு. மருத்துவமனை வைக்கும் பொறுப்பைச் சட்டம் தோட்ட முதலாளிகள்மேல் சுமத்தியிருந்தது. ஆனால் மலேரியாக் காய்ச்சலே அங்கே பெரும்பாடு. தொண்டை வலிக்கு முதலில் பார்ப்பது தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரசர்தான். அயோடின் கலந்த மாண்டல் மருந்தைப் பஞ்சில் தோய்த்துத் தொண்டையில் தடவுவது அந்தக் கால மருந்தகங்களில் வழக்கம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பாட்டி உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்பார். சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்தில் வெளிப்பூச்சாகப் பூசுவார். இரவில் மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்ட பால். இவை சீழ்க் கிருமியை ஒழிக்காது. ஆனாலும் உப்புத் தண்ணீர் வலியைத் தணிக்கும், இன்றைய மருத்துவரும் அதைச் சொல்வார். தொண்டைவலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வந்து தானாகப் போகிறவை.

தோட்டத்துக்கும் அறுவைக் கூடத்துக்கும் இடையே வேறொரு உறவு இருந்தது. அக்காலத்தில் டான்சில் அறுவையின் பெரிய ஆபத்து, மயங்கிய பிள்ளையின் மூச்சுக்குழாயில் இரத்தம் இறங்குவது. முதல் உலகப் போர் முடிந்ததும், இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு மயக்கம் கொடுத்துவந்த ஐவன் மேகில் ஒரு வழி கண்டார். சுருளாக விற்ற சிவப்பு ரப்பர்க் குழாயை வெட்டி, அதன் இயல்பான வளைவோடு மூச்சுக்குழாயில் செலுத்தினார். மருத்துவர் வாயில் வேலை செய்ய, நோயாளி குழாய் வழியே மூச்சுவிட்டார். மேகிலின் ரப்பர்க் குழாய் உலகெங்கும் போனது. டான்சில் அறுவையைப் பாதுகாப்பாக்கியவற்றில் அதுவும் ஒன்று. அந்நாளில் உலகிலேயே அதிக ரப்பர் தந்த நாடு மலாயா. தோட்டங்களில் விடியுமுன் மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மருத்துவ வரலாற்று நூல்கள் மேகிலை மட்டும் குறிப்பிடுகின்றன. மரம் சீவிய கைகளுக்கும் அதில் இடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

கத்தியின் வேகத்தைத் தடுத்தது ஒரு துயரம். 1941-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரே குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு டான்சில் எடுத்தார்கள். ஐவருக்கும் போலியோ வந்தது, மூவர் இறந்தனர். போலியோ பரவும் பருவத்தில் அறுவையைத் தள்ளிப்போடும் வழக்கம் வலுத்தது. டான்சில் போனால் மூக்குத் தொண்டையில் போலியோவை எதிர்க்கும் பொருள் குறைகிறது என்று 1971-இல் ஓக்ரா என்ற ஆய்வாளர் காட்டினார். அதற்குள் பென்சிலின் வந்து பல தொண்டைகளைக் காப்பாற்றியிருந்தது. லயம் போன்ற நெருக்கமான வீடுகளில் பரவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, கவனிக்காமல் விட்டால் வாதக்காய்ச்சலாகி இதய வால்வையே கெடுக்கும். அந்த ஆபத்தைத் தடுக்க மருத்துவர் சொன்ன நாட்கள் முழுவதும் மருந்தைச் சாப்பிட்டு முடிப்பதே முதல் வழி.

வெட்டலாமா என்பதற்கு எண்ணிக்கையில் பதில் சொன்னவர் பிட்ஸ்பர்க் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸ். 1984-இல் வெளியான அவருடைய ஆய்வின் அளவுகோல் இன்றும் பல நாட்டு மருத்துவர் கையில் இருக்கிறது. ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டாண்டும் ஆண்டுக்கு 5 முறை, அல்லது தொடர்ந்து மூன்றாண்டும் ஆண்டுக்கு 3 முறை. சாதாரணத் தொண்டைக் கரகரப்பு கணக்கில் வராது. காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, டான்சிலில் வெள்ளைப் படிவு, கிருமிப் பரிசோதனையில் ஸ்ட்ரெப் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்; மருத்துவர் பார்த்துக் குறித்திருக்கவும் வேண்டும். இவ்வளவு கடுமையாக அவதிப்பட்ட பிள்ளைகளுக்கு அறுவை பலன் தந்தது. ஆனால் அறுவை செய்யாத பிள்ளைகளிலும் பலருக்கு ஓரிரு ஆண்டில் தொல்லை குறைந்தது. 2002-இல் அவரே, குறைவாக அவதிப்படும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பலன் அறுவையின் ஆபத்துக்கு ஈடாகாது என்றார்.

இன்று பிள்ளைகளுக்குக் கத்தி எடுக்க வைப்பது பல இடங்களில் தொண்டைவலியைவிடத் தூக்கக் கோளாறுதான். குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, வாயைத் திறந்தே தூங்குவது, விட்டுப்போன பழக்கம் திரும்பிப் படுக்கையில் சிறுநீர் கழிப்பது. 2013-இல் வந்த ஓர் ஆய்வில் இப்படிப்பட்ட 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 464 பேர். ஏழு மாதத்தில், அறுவை செய்தவர்களில் 79 சதவிகிதத்தினருக்குத் தூக்க அளவீடு சரியானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவிகிதத்தினருக்குச் சரியானது. தூக்கமும் நடத்தையும் அறுவை செய்தவர்களிடம் கூடுதலாகத் தேறின. கவனக்கூர்மைத் தேர்வில் பெரிய வித்தியாசம் இல்லை. கடுமையாகத் திணறும் பிள்ளைக்கு அறுவை வரம். லேசான குறட்டைக்குக் காத்திருப்பது குற்றமல்ல.

பெரியவர்களுக்கும் பதில் வந்துவிட்டது. பிரிட்டனில் அடிக்கடி டான்சில் வீங்கும் 453 பேரிடம் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டில் தொண்டை வலித்த நாட்கள் அறுவை செய்தவர்களுக்கு 23, செய்யாதவர்களுக்கு 30. அறுவைக்குப் பின் வலித்த நாட்களையும் சேர்த்த கணக்கு இது.

வலி மருந்திலும் ஒரு பாடம் உண்டு. கோடீன் கொடுக்கப்பட்ட சில பிள்ளைகள் டான்சில் அறுவைக்குப் பின் மூச்சு அடங்கி இறந்தார்கள். அவர்களின் உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றியதே காரணம். 2013-இல் அமெரிக்க மருந்துத் துறை அதைத் தடுத்து எச்சரித்தது. உங்கள் பிள்ளைக்கு என்ன வலி மருந்து என்று பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராசா, சிரம்பான் பக்கத்துப் பெற்றோருக்குச் சொல்ல ஒன்று உண்டு. நாட்காட்டியிலோ கைப்பேசியிலோ ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து மூன்றையும் எழுதி வையுங்கள். பிள்ளை தூங்கும்போது மூச்சுத் திணறினால் காணொளி எடுங்கள். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம், அங்கிருந்தே நிபுணருக்குக் கடிதம் கிடைக்கும். வாயைத் திறக்க முடியாமல், குரல் கம்மி, எச்சில் ஒழுகினால் அது டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியதன் அறிகுறி. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் வீங்கி நின்றால் அதையும் பார்த்தாக வேண்டும். இவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. அறுவை முடிந்தபின் தொண்டையில் வெள்ளைப் படலம் தெரிவது இயல்பு, வலி இரண்டு வாரம் வரை இருக்கலாம். ஆனால் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே அந்தப் படலம் உரியும்போது இரத்தம் வரக்கூடும். கொஞ்சம் வந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.