ஹாக்கின்டாஷ் கணினிகளின் வரலாறு

ஆப்பிள் நிறுவனம் தயாரிக்காத கணினியில் அந்நிறுவனத்தின் மேக் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தினால் அக்கணினி ஹாக்கின்டாஷ் எனப்படும். ஹேக், மெக்கின்டாஷ் என்ற இரு சொற்கள் ஒட்டிப் பிறந்த பெயர் இது. கடையில் தனித்தனியாக வாங்கிய பாகங்களை வீட்டில் பூட்டி, குறைந்த செலவில் ஒரு மேக் செய்துகொள்வதே இதன் நோக்கம். 2006 முதல் 2020 வரை இம்முயற்சி செழித்திருந்தது. எந்தப் பாகம் சிறந்தது, எது மலிவு என்று பார்ப்பது சாதாரணக் கணினி கட்டுபவர் வழக்கம். ஹாக்கின்டாஷ் கட்டுபவரோ, ஆப்பிள் தன் கணினிகளில் எந்தப் பாகத்தை வைத்திருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

முன்கதை

மேக் கணினியைச் சொந்தமாகக் கட்டும் ஆசை இன்டெல் காலத்துக்கு முந்தியது. 1991-இல் பாப் பிராண்ட் என்பவர் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். அக்காலத்து மேக்கில் இயங்குதளத்தின் முக்கியப் பகுதி, தாய்ப்பலகையில் இருந்த அழியா நினைவகச் சில்லுக்குள் பதிந்திருந்தது. எனவே பெட்டி, மின்வழங்கி, வன்தட்டு ஆகியவற்றை அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களில் பார்த்து மலிவாக வாங்கினாலும், தாய்ப்பலகையை மட்டும் ஆப்பிளுடையதாகவே தேடிப் பிடிக்க வேண்டும்.

1995-இல் ஆப்பிளே தன் இயங்குதளத்துக்குப் பிற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. பவர் கம்ப்யூட்டிங், உமாக்ஸ், மோட்டரோலா போன்றவை மேக் நகல்களை விற்றன. ஆப்பிளின் விற்பனையை அவை அரிக்கத் தொடங்கவே, 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தார்.

இன்டெல் மாற்றம்

2005 ஜூன் 6 அன்று, மேக் கணினிகள் இன்டெல் செயலிகளுக்கு மாறும் என்று ஜாப்ஸ் அறிவித்தார். மென்பொருள் உருவாக்குநர்களுக்கு 999 டாலருக்குத் தரப்பட்ட சோதனைக் கணினியின் உள்ளே இருந்தது ஏறக்குறைய எல்லாரும் அறிந்த பென்டியம் 4. அதிலிருந்த இயங்குதளம் கசிந்தது. சில மாதங்களிலேயே ஆர்வலர்கள் அதைச் சாதாரணக் கணினியில் ஓட்டிக்காட்டினர்.

2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் விற்பனைக்கு வந்தபோது ஆப்பிள் ஒரு பூட்டுப் போட்டிருந்தது. இயங்குதளத்தின் சில நிரல்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்கும் சாவி மேக்கிலுள்ள ஒரு கட்டுப்பாட்டுச் சில்லில் இருந்தது. அந்தச் சில்லைப் போல நடிக்கும் மென்பொருளை ஆர்வலர்கள் எழுதினர். கமீலியன், குளோவர், 2019-க்குப் பின் ஓப்பன்கோர் என அடுத்தடுத்து வந்த தொடக்க நிரல்கள், 'இது உண்மையான மேக்தான்' என்று இயங்குதளத்தை நம்பவைத்தன.

இவ்வளவு பாடுபடக் காரணம் ஆப்பிளின் விலைப்பட்டியலில் நடுவே இருந்த இடைவெளி. 2012-இல் மேக் மினி 599 டாலரில் தொடங்கியது. அதில் தனி வரைகலை அட்டைக்கு இடமில்லை. ஐமேக் வாங்கினால் திரையும் சேர்ந்தே வரும். பாகங்களைக் கழற்றி மாற்றக்கூடிய மேக் புரோவின் விலையோ 2,499 டாலரில் தொடங்கியது. படத்தொகுப்போ இசைப்பதிவோ செய்யும், கையில் காசு குறைந்த ஒருவருக்கு ஏற்ற நடுத்தரப் பெட்டியை ஆப்பிள் விற்கவே இல்லை.

பாகங்களைத் தேர்ந்த விதம்

ஐவி பிரிட்ஜ் தலைமுறைச் செயலிகள் இத்தேர்வின் நுட்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. கோர் ஐ5 3570, கோர் ஐ5 3570கே இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம்; விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் முன்னதற்குள் இருந்தது எச்டி 2500 வரைகலை. பின்னதற்குள் இருந்தது எச்டி 4000. மேக் மினியில் ஆப்பிள் பயன்படுத்தியது எச்டி 4000. எனவே அதற்கு மட்டுமே இயங்குதளத்தில் முறையான இயக்கி இருந்தது. ஐ3 வரிசையிலும் இதே கதைதான்: 3225 ஓடும், 3220 திணறும். சில டாலர் மிச்சம் பிடிக்கப் போனவர் தனி வரைகலை அட்டைக்கு மேலும் செலவழிக்க நேர்ந்தது. மலிவான பாகம் மலிவான கணினியைத் தரவில்லை.

தாய்ப்பலகையில் ஜிகாபைட் நிறுவனத்தின் பலகைகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஒலிக்கும் கம்பிவழி வலையமைப்புக்கும் ஆர்வலர்கள் எழுதிய இயக்கிகள் கிடைத்தன. வைஃபை அட்டைதான் பலரைக் கவிழ்த்தது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் காணப்பட்ட இன்டெல் வைஃபைக்கு நெடுங்காலம் இயக்கியே இல்லை. ஆப்பிள் பயன்படுத்திய பிராட்காம் அட்டையைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. ஆப்பிள் ஒருபோதும் தொடாத ஏஎம்டி செயலிகளை வைத்துக் கட்டியவர்களும் உண்டு. அவர்கள் இயங்குதளத்தின் கருவையே திருத்த வேண்டியிருந்தது.

இந்தச் சார்பு ஒருநாளில் முடிந்துவிடுவதன்று. ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு சோதனை. மேக் இயங்குதளம் நன்றாக ஓடிய மலிவுக் குட்டி மடிக்கணினி டெல் மினி 9. அதிலிருந்த ஆட்டம் செயலி எந்த மேக்கிலும் இல்லை. 2009 நவம்பரில் வந்த 10.6.2 பதிப்பு ஆட்டம் செயலிக்கான ஆதரவை நீக்கியது. 2018-இல் மொஹாவி வந்தபோது, என்விடியா தனியாக வெளியிட்டுவந்த இயக்கிகள் அதற்கு வரவில்லை. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை அட்டைகளை வாங்கியவர்கள் பழைய பதிப்பிலேயே தங்கினர், அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 போன்ற அட்டைக்கு மாறினர். ஆர்எக்ஸ் 580 ஏன்? அதன் உறவான ரேடியான் புரோ 580-ஐ ஆப்பிள் 2017 ஐமேக்கில் வைத்திருந்தது. நிறுத்தப்பட்ட பாகத்துக்காக ஆப்பிளிடம் முறையிடவும் வழியில்லை.

சைஸ்டார் வழக்கு

2008 ஏப்ரலில் புளோரிடாவிலுள்ள சைஸ்டார் என்ற சிறு நிறுவனம் இத்தகைய கணினியை 399 டாலர் முதல் விற்கத் தொடங்கியது. ஜூலையில் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. பதிப்புரிமை மீறப்பட்டதாக 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார். டிசம்பரில் நிரந்தரத் தடை வந்தது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சிக்கியது விற்றவர்தான். ஆயினும் ஆப்பிள் கணினியில் மட்டுமே நிறுவ வேண்டும் என்னும் உரிம ஒப்பந்தம் வீட்டில் கட்டியவருக்கும் பொதுவானது. 29 டாலர் கொடுத்து முறையாக ஸ்னோ லெப்பர்டு வட்டு வாங்கியவரும், கட்டணம் கட்டியும் ஒப்பந்தத்தை மீறியவரே.

முடிவுக் காலம்

2020 ஜூனில் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறுவதாக அறிவித்தது. நவம்பரில் எம்1 செயலியுடன் வந்த மேக் மினி 699 டாலர். அதே விலைக்கு வீட்டில் கட்டி அதை வெல்வது கடினமாயிற்று. அந்தச் செயலி எந்தக் கடையிலும் தனியாகக் கிடைப்பதில்லை. ஆகவே இனி நகலெடுக்கவும் வழியில்லை. 2023-இல் சொனோமா பதிப்பு பழைய பிராட்காம் வைஃபை அட்டைகளைக் கைவிட்டது. 2025-இல் வெளியான தஹோவே இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. கட்டிவைத்த பெட்டிகளில் இருப்பவை சாதாரணக் கணினிப் பாகங்களே என்பதால், அவை விண்டோசிலும் லினக்சிலும் தொடர்ந்து ஓடுகின்றன.