ஏழெட்டு நாள் கூலி

என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வேலையில் சேர்ந்தார். முதல் நான்கு நாட்கள் அறிமுகப் பயிற்சி. அந்நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்று பிறகுதான் சொன்னார்களாம். "கற்றுக்கொண்டதற்குமா ஐயா காசு கேட்பது?" என்று அவரே தயங்கினார். அந்தத் தயக்கம் என்னை 1947ஆம் ஆண்டின் ஒரு வழக்கிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் டெர்மினல் கம்பெனி என்றொரு ரயில் நிறுவனம். பெட்டிகளைக் கோத்தும் கழற்றியும் யார்டில் உழைக்கும் பிரேக்மேன் வேலைக்கு வருபவர்களை அது நேரே எடுத்துக்கொள்வதில்லை. முதலில் ஏழெட்டு நாட்கள் ஒரு குழுவோடு அனுப்பும். வந்தவர் முதலில் வேடிக்கை பார்ப்பார். பிறகு குழுவினரின் கண்காணிப்பில் மெல்ல மெல்லச் சில வேலைகளைத் தாமே செய்வார். தேறினால் பெயர் பட்டியலில் ஏறும். ஆள் தேவைப்படும்போது கம்பெனி கூப்பிடும். தேறாவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம். போர்க்காலத்தில், 1943 அக்டோபர் முதல், தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தேறியவர்களுக்கு மட்டும் பயிற்சி நாளொன்றுக்கு 4 டாலர் பின்னர்க் கணக்கிட்டுத் தரப்பட்டது.

1938இல் வந்த நியாயமான தொழில் தரங்கள் சட்டம் அங்கே குறைந்தபட்சக் கூலியை நிலைநிறுத்தியது. ஒருவரை வேலை செய்ய அனுமதிப்பதும், செய்கையில் தடுக்காது விடுவதும்கூட அவரைப் பணியில் அமர்த்துவதே என்றது அச்சட்டம். இவ்வளவு அகன்ற வலையில் பயிற்சியாளர் அகப்படாமல் போவாரா? அகப்படுவார் என்றே சட்டத்தை நடைமுறைப்படுத்திய அதிகாரி வாலிங் வழக்காடினார்.

1947 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். செனட்டராக இருந்தபோது, 1937இல், இச்சட்டத்தின் மூல மசோதாவைக் கொண்டுவந்தவரும் அவரேதான்! தாம் பெற்ற பிள்ளையின் கை எட்டும் தூரத்தைத் தாமே அளந்து சொன்னார்.

அவரது வாதம் எளியது. இதே பயிற்சியைத் தொழிற்பள்ளியில் பெற்றிருந்தால் மாணவரைப் பள்ளியின் பணியாளர் என்போமா? பயிற்சியாளர்களால் வேலை விரைவாகவில்லை, சில வேளை தடைப்படவும் செய்தது. வழக்கமான ஊழியர் எவருடைய இடத்தையும் அவர்கள் பிடிக்கவில்லை. கம்பெனிக்கு உடனடி ஆதாயம் ஏதுமில்லை.

இலக்கணம் நடத்துபவனுக்கு அடைமொழி மீதுதான் முதலில் கண் போகும். தீர்ப்பு 'உடனடி' என்ற அடையில் நிற்கிறது. உடனடி ஆதாயம் இல்லை, சரி. நாளை? கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய தேர்ந்த ஆட்களின் பட்டியல் கம்பெனியின் கையில் இருந்ததே, அது யாருடைய ஆதாயம்? அந்த 4 டாலரும் எனக்கு ஒப்புதல் வாக்குமூலமாகவே படுகிறது. கற்பித்ததே போதிய கொடை என்றால், தேறியவருக்கு மட்டும் பணம் எதற்கு? தேறாதவரும் அதே தண்டவாளங்களுக்கிடையே, அதே நகரும் பெட்டிகளுக்கருகில்தான் நின்றிருந்தார்.

பிளாக்குக்காக ஒன்று சொல்ல வேண்டும். அவர் முன்னிருந்த வழக்கு இன்னும் வேலையில் சேராதவர்களைப் பற்றியது; வேலை நிச்சயம் என்ற வாக்கும் அவர்களுக்கு இல்லை. சேர்ந்துவிட்டவர்களின் கதை அமெரிக்காவிலும் வேறு. வேலை நேரத்துக்கு வெளியே, விருப்பத்தின் பேரில், வேலையோடு தொடர்பில்லாமல், வேறு பணி எதுவும் செய்யாமல் நடக்கும் பயிற்சியை மட்டுமே கூலிக் கணக்கிலிருந்து விலக்கலாம் என்கிறது அங்குள்ள தொழிலாளர் துறையின் விதி. கட்டாய அறிமுகப் பயிற்சி இதில் அடங்காது. இருந்தும் பிளாக்கின் தீர்ப்பு ரயில் யார்டைத் தாண்டி நெடுந்தூரம் போயிற்று. 'பிளாக் ஸ்வான்' படத்தில் ஊதியமின்றிப் பயிற்சிபெற்றவர்களும் பிறரும் தொடுத்த வழக்கில், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சுட்டி, பெரும்பயன் யாருக்கு என்று பார்க்கச் சொன்னது.

மாணவரிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: நியமன ஆணையில் என்ன தேதி? எடுத்துப் பார்த்துச் சொன்னார். பயிற்சி முடிந்த மறுநாளின் தேதி.